உறை மோரும் ஊசி மருந்தும்

அக்கா மகள் பி.டெக் பயோடெக் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். மேற்படிப்புக்கு எங்கே போகலாம் என்று இணையத்தில் துழாவிக்கொண்டிருந்தவள், ஒரு நாள் இரவு போனில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, உயிரி மருந்துத் தயாரிப்பும் ஒழுங்குமுறையும்னு ஒரு எம்.எஸ். இருக்கு. பாதி பாடம் தொட்டி, வால்வு, வடிகட்டி. மீதிப் பாதி சட்டம், ஆடிட், ஆவணம். இது இன்ஜினியரிங்கா, வக்கீல் படிப்பா?"

மருந்துத் தொழிற்சாலையில் தரப் பிரிவில் காலம் தள்ளியவன் நான். அதனால் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. இரண்டையும் ஏன் ஒரே பட்டத்தில் கட்டிவைத்திருக்கிறார்கள் என்பது புரிந்துவிட்டால், அந்தத் துறையே பாதி புரிந்த மாதிரி. அன்று அவளிடம் சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் பாராசிட்டமால். ஒரு மூலக்கூறில் மொத்தம் 20 அணுக்கள். எந்த ஊரில், எந்தத் தொழிற்சாலையில் செய்தாலும் அந்த 20 அணுக்கள் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கும். சோதித்துப் பார்த்து "ஆமாம், இது பாராசிட்டமால்தான்" என்று அடித்துச் சொல்லிவிடலாம். இதைப் போன்றவற்றைச் சிறு மூலக்கூறு மருந்துகள் என்கிறோம். வீட்டு அலமாரியில் இருக்கும் மாத்திரைகளில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

இப்போது புற்றுநோய்க்கோ மூட்டுவாதத்துக்கோ கொடுக்கும் ஓர் ஆன்டிபாடி (நம் உடலின் நோய் எதிர்ப்புப் புரதம் போன்றது) ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு மூலக்கூறில் ஏறத்தாழ 20,000 அணுக்கள். பாராசிட்டமாலைவிட ஆயிரம் மடங்கு எடை. இவ்வளவு பெரிய புரதத்தைக் குடுவையில் ரசாயனம் கலந்து செய்ய வழியில்லை. உயிருள்ள செல் ஒன்றுக்குள் அதற்கான மரபணுவை வைத்து, "நீ செய்து கொடு" என்று கேட்க வேண்டியிருக்கிறது. இப்படி உயிரிடமிருந்து வருபவைதான் உயிரி மருந்துகள். செல்லும் செய்கிறது. ஆனால் அச்சில் வார்த்த மாதிரி செய்யாது. புரதத்தின் மேல் சின்னச் சின்ன சர்க்கரைச் சங்கிலிகளைக் கோத்துவிடும். அவை ஒவ்வொரு மூலக்கூறிலும் கொஞ்சம் கொஞ்சம் மாறும். ஒரே புட்டிக்குள் இருப்பது ஒரே பொருள் அல்ல, நெருங்கிய உறவினர்களின் கூட்டம்.

இதை அவளுக்கு விளக்கத் தயிரைத்தான் உதாரணம் காட்டினேன். சர்க்கரைப் பாகு காய்ச்சுவது ஒரு வேலை. எடையும் சூடும் சரியாக இருந்தால் யார் வீட்டிலும் அதே பாகுதான். தயிர் அப்படியா? அதே கடையில் வாங்கிய அதே பால்தான். நம் வீட்டுத் தயிர் கெட்டியாக இருக்கும், பக்கத்து வீட்டில் புளிக்கும், எதிர் வீட்டில் நூல் விடும். உறை மோர் வேறு, ஊற்றும்போது பாலின் சூடு வேறு, அன்றைய வெயில் வேறு. உயிர் ஒன்று உள்ளே இருந்து வேலை செய்யும்போது, செய்யும் முறையையும் செய்த பொருளையும் பிரித்துப் பார்க்க முடியாது. இந்தத் துறையில் அடிக்கடி சொல்வார்கள்: செய்முறைதான் மருந்து. மற்ற எல்லாமே அங்கிருந்து கிளைத்து வருவதுதான்.

இன்சுலின் வழியாக இந்தக் கதை எங்கே தொடங்கியது என்று பார்க்கலாம். 1921-ல் டொராண்டோவில் பேண்டிங்கும் பெஸ்டும் அதைப் பிரித்தெடுத்த பிறகு, அறுபது ஆண்டுகள் மாடு, பன்றிகளின் கணையத்திலிருந்துதான் இன்சுலின் வந்தது. மனித இன்சுலினுக்கான மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்துச் செய்த ஹியூமுலினுக்கு 1982-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மரபணு மாற்றிய உயிரியிலிருந்து வந்த முதல் மருந்து அது. இன்சுலின் சின்னப் புரதம், 51 அமினோ அமிலங்கள், பாக்டீரியா சமாளித்துவிடும். ஆன்டிபாடி போன்ற பெரிய புரதங்களுக்குப் பாலூட்டிகளின் செல் வேண்டும். அந்த வேலைக்கு உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருப்பது சீன ஹாம்ஸ்டர் என்ற எலி போன்ற சிறு பிராணியின் சூலகத்திலிருந்து 1950-களில் எடுத்து வளர்த்த செல் வம்சம். துறையில் அதை 'சோ' செல் என்பார்கள். அந்தப் பிராணி செத்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. செல்கள் இன்னும் பெருகிக்கொண்டிருக்கின்றன.

சரி, தொழிற்சாலைக்குள் என்ன நடக்கிறது? உறை மோரில் தொடங்குவோம். நல்ல புரதம் தரும் ஒரே ஒரு செல்லைத் தேர்ந்தெடுத்து, அதைப் பெருக்கி, நூற்றுக்கணக்கான சிறு குப்பிகளில் அடைத்து, திரவ நைட்ரஜனில் உறைய வைக்கிறார்கள். இதுதான் மாஸ்டர் செல் பேங்க். கம்பெனியின் குலசொத்து இதுதான். இரண்டு ஊர்களில் பிரித்து வைப்பார்கள், ஒன்று எரிந்தாலும் மற்றது இருக்கட்டும் என்று. மருந்து செய்ய வேண்டிய நாளில் ஒரு குப்பியை உருக்கி, சிறு குடுவையில் வளர்த்து, அதைப் பெரிய குடுவைக்கு மாற்றி, அங்கிருந்து இன்னும் பெரியதற்கு என்று போய்க் கடைசியில் 2,000 லிட்டரோ 10,000 லிட்டரோ கொள்ளும் பயோரியாக்டர் என்ற தொட்டிக்கு வந்து சேர்வார்கள். அதில் சுமார் இரண்டு வாரம். வெப்பநிலை, அமிலத்தன்மை, ஆக்சிஜன், குளுக்கோஸ் எல்லாவற்றையும் இரவு பகலாகக் கண்காணிக்க வேண்டும். இதுவரை நடப்பது அப்ஸ்ட்ரீம்.

அப்புறம் டவுன்ஸ்ட்ரீம், அதாவது சுத்திகரிப்பு. செல்களை வடிகட்டி விலக்கிவிட்டு, மீதித் திரவத்தை புரோட்டீன் ஏ என்ற பொருள் நிரப்பிய தூண் வழியே ஓடவிடுவார்கள். ஆன்டிபாடி அதில் ஒட்டிக்கொள்ளும், குப்பை ஓடிவிடும். இந்த புரோட்டீன் ஏ முதலில் எங்கிருந்து கிடைத்தது தெரியுமா? சீழ்க்கட்டி உண்டாக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவின் தோலிலிருந்து. நம் ஆன்டிபாடியிடமிருந்து தப்பிக்க அது வைத்திருந்த ஆயுதத்தையே எடுத்து, ஆன்டிபாடியைப் பிடிக்கும் தூண்டிலாக்கிவிட்டார்கள். பிறகு அமிலத்தில் வைத்து வைரஸ்களைச் செயலிழக்கச் செய்வது, இன்னும் ஓரிரண்டு தூண்கள், வைரஸையே தடுக்கும் அளவு நுண்ணிய வடிகட்டி, கடைசியாக பாக்டீரியாவைத் தடுக்கும் 0.2 மைக்ரான் வடிகட்டி. பிறகு கிளீன் ரூம் என்ற தூசியும் கிருமியும் புகாத அறையில் புட்டியில் நிரப்பி, 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்கிறார்கள்.

கேட்க எளிதாக இருக்கும். ஆனால் ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். சோ செல் இரட்டிப்பாக ஏறத்தாழ ஒரு நாள் எடுக்கும். ஒரு சாதாரண பாக்டீரியாவுக்கு 20 நிமிடம் போதும். தொட்டியில் இருப்பதோ சர்க்கரையும் அமினோ அமிலமும் கலந்த இதமான சூப்பு. ஒரே ஒரு பாக்டீரியா உள்ளே நுழைந்தால் ஓரிரு நாளில் தொட்டி அதனுடையது. பல கோடி ரூபாய் பேட்ச் சாக்கடைக்குப் போகும்.

பாக்டீரியாவாவது கண்ணுக்குப் புலப்படும், தொட்டி கலங்கிவிடும். வைரஸ் இன்னும் மோசம். 2009-ல் பாஸ்டன் நகரின் ஆல்ஸ்டன் பகுதியில் இருந்த ஜென்சைம் ஆலையில் செல்கள் ஒழுங்காக வளரவில்லை. தேடிப் பார்த்ததில் வெசிவைரஸ் 2117 என்ற வைரஸ் தொட்டிக்குள் இருந்தது. மனிதருக்கு அது நோய் தருவதாகத் தெரியவில்லை, ஆனால் செல்களை முடக்கிவிட்டது. ஆலையை மூடிச் சுத்தம் செய்ய வேண்டியதாயிற்று. அங்கே தயாரானது செரிசைமும் ஃபேப்ரசைமும். கோஷே, ஃபேப்ரி என்ற அரிய பரம்பரை நோய்களுக்கான மருந்துகள். நோயாளிகளுக்கு மருந்தைப் பங்கிட்டுக் குறைத்துக் கொடுக்கும் நிலை வந்தது. அடுத்த ஆண்டு அமெரிக்க மருந்து நிர்வாகமான எஃப்டிஏவுடன் நீதிமன்ற ஒப்பந்தம், 17.5 கோடி டாலர் கட்ட வேண்டிய நிலை. ஒரு தொட்டியில் வந்த கோளாறு வெவ்வேறு நாடுகளில் நோயாளிகளின் ஊசியைக் குறைத்தது. இந்தச் சம்பவத்தை இன்ஜினியரிங் பாடம் என்பதா, சட்டப் பாடம் என்பதா?

சட்டத்தின் பக்கம் வருவோம். உயிரி மருந்துச் சட்டம் ஒரு குதிரையிலிருந்து தொடங்குகிறது. அந்தக் காலத்தில் தொண்டை அடைப்பான் நோய்க்கு மருந்து, குதிரையின் ரத்தத்திலிருந்து எடுத்த சீரம். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஜிம் என்று ஒரு குதிரை. முன்பு பால் வண்டி இழுத்தது. 1901 அக்டோபரில் அதற்கு டெட்டனஸ் வந்ததால் கொன்றுவிட்டார்கள். ஆனால் நோய் வெளியே தெரிவதற்குச் சற்று முன், செப்டம்பர் கடைசியில், எடுத்த சீரம் புட்டிகளில் போய்விட்டிருந்தது. அவற்றில் சில புட்டிகளில் தவறாக ஆகஸ்ட் தேதி ஒட்டியிருந்தது. 13 குழந்தைகள் டெட்டனஸில் இறந்தார்கள். அடுத்த ஆண்டே, 1902-ல், அமெரிக்க நாடாளுமன்றம் உயிரி மருந்துகளுக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தது.

அந்தச் சட்டத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது புட்டியைப் பார்ப்பதோடு நிற்கவில்லை. செய்யும் இடத்துக்கு உரிமம் வேண்டும், அதிகாரி உள்ளே வந்து பார்ப்பார், லேபிளில் சரியான விவரம் இருக்க வேண்டும் என்றது. செய்முறைதான் மருந்து என்று விஞ்ஞானிகள் சொல்லத் தொடங்குவதற்கு வெகு காலம் முன்பே சட்டம் அதை மோப்பம் பிடித்திருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றும். 1955-ல் அமெரிக்காவின் கட்டர் ஆய்வகம் செய்த போலியோ தடுப்பூசியில் வைரஸ் முழுதாகச் சாகாமல் இருந்து, சுமார் 200 பேருக்கு வாதம் வந்து, 10 பேர் இறந்தபோது, அந்தக் கண்காணிப்பு இன்னும் இறுகியது.

"அதான் கடைசியில சோதனை பண்றாங்களே மாமா, கெட்டுப்போனது தெரிஞ்சிடாதா?" என்றாள். எல்லாரும் கேட்கும் கேள்வி. இதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டேன், ஏனென்றால் மொத்த ஒழுங்குமுறையும் இந்த ஒரு கணக்கின் மேல்தான் நிற்கிறது.

ஒரு பேட்ச்சில் 10,000 புட்டிகள் என்று வையுங்கள். கிருமி இருக்கிறதா என்று பார்க்க புட்டியைத் திறந்தாக வேண்டும். திறந்தால் அது விற்பனைக்கு ஆகாது. அதனால் பேட்ச் பெரிதாக இருந்தாலும் வழக்கமாக எடுத்துச் சோதிப்பது 20 புட்டிகள். இப்போது நூற்றுக்கு ஒரு புட்டி கெட்டுப்போயிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம், அதாவது 100 புட்டிகளில் விஷம். எடுத்த 20-ம் நல்லதாகவே அமைந்துவிட எவ்வளவு வாய்ப்பு? 0.99-ஐ 20 முறை பெருக்கினால் 0.82. நூற்றுக்கு 82 முறை சோதனை "சுத்தம்" என்று சான்றிதழ் கொடுத்துவிடும், அந்த 100 புட்டிகளும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடும்.

ஒரு சோற்றுப் பதம் இங்கே செல்லாது. சோறு எல்லாம் ஒரே பானையில் ஒரே நெருப்பில் வெந்தது, அதனால் ஒரு பருக்கை போதும். புட்டிகள் தனித்தனியாக நிரப்பப்பட்டவை. ஆகவே பொருளைச் சோதித்து நிம்மதி அடைய முடியாது; அது கெடவே வழியில்லாதபடி செய்முறையை அமைத்து, அப்படி அமைத்திருக்கிறோம் என்பதை நிரூபிக்க வேண்டும். இந்த நிரூபிக்கும் வேலைக்குப் பெயர் வேலிடேஷன். உதாரணமாக, மருந்துக்குப் பதில் கிருமி விரும்பி வளரும் ஊட்டத் திரவத்தை அதே இயந்திரத்தில், அதே ஆட்களை வைத்து, ஆயிரக்கணக்கான புட்டிகளில் நிரப்பி, இரண்டு வாரம் காத்திருந்து, ஒன்றிலாவது கலங்கல் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். கலங்கினால் காரணம் கண்டுபிடிக்கும்வரை யாரும் வீட்டுக்கு நிம்மதியாகப் போக முடியாது.

ஜிஎம்பி என்ற மூன்றெழுத்தை இந்தத் துறைக்கு வருபவர்கள் முதல் நாளே கேட்பார்கள். நல்ல தயாரிப்பு நெறி என்று சொல்லலாம். அதன் சாரம் நான் புரிந்துகொண்டவரை இவ்வளவுதான்: எப்படிச் செய்யப்போகிறாய் என்று முன்பே எழுது, எழுதியபடி செய், செய்ததை அப்போதே பதிவு செய், எழுதியதிலிருந்து விலகினால் அதையும் சொல், ஏன் விலகியது என்று தோண்டு. எழுதப்படாத வேலை நடக்காத வேலை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பெயர் வேண்டாம், ஓர் ஆலையில் இரவு ஷிஃப்டில் ஒருவர் தொட்டியின் வெப்பநிலையைப் பார்த்தார், ஆனால் குறிக்க மறந்துவிட்டார். காலையில் நினைவு வந்து, இரவு நேரம் போட்டு எழுதிவிட்டார். எண் சரியானதுதான், கம்ப்யூட்டரிலும் அதே எண் இருந்தது. ஆனாலும் அது பொய்ப் பதிவு. அந்த ஒரு வரிக்காக மூன்று வாரம் விசாரணை நடந்தது. அப்போது எனக்கு அது அநியாயமாகப் பட்டது. ஜிம் குதிரையின் ஆகஸ்ட் லேபிளைப் பற்றிப் படித்த பிறகு அப்படித் தோன்றவில்லை.

இன்னொரு தலைவலி, மாற்றம். மாத்திரைத் தொழிற்சாலையில் ஒரு மூலப்பொருளை மாற்றினால் பெரும்பாலும் சோதித்துத் தெரிந்துகொள்ளலாம். உயிரி மருந்தில்? சிறுநீரக நோயாளிகளுக்கு ரத்தம் ஊற எரித்ரோபொய்ட்டின் ஊசி போடுவார்கள். அதில் எப்ரெக்ஸ் என்பது ஒரு பிராண்டு. மருந்து கெடாமல் இருக்க அதில் மனித ஆல்புமின் சேர்த்திருந்தார்கள். மனித ரத்தத்திலிருந்து எடுத்த பொருள் எதற்கு என்று 1998-ல் ஐரோப்பாவில் அதை நீக்கி, பாலிசார்பேட் 80 என்ற பொருளைப் போட்டார்கள். நல்லெண்ணத்தில் செய்த மாற்றம். அதற்குப் பிறகு சில நோயாளிகளின் உடல் அந்த மருந்தை எதிரியாகப் பார்க்கத் தொடங்கி, ஆன்டிபாடி உண்டாக்கி, தங்கள் சொந்த எரித்ரோபொய்ட்டினையும் சேர்த்து அழித்துவிட்டது. சிவப்பணு உற்பத்தியே நின்றுபோனது. ரப்பர் மூடியிலிருந்து கசிந்த பொருளா, புதிய சேர்மானமா என்று பல ஆண்டுகள் ஆராய்ச்சி நடந்தது. மூடிக்குப் பூச்சு கொடுத்து, ஊசி போடும் முறையையும் மாற்றிய பிறகு நோய் குறைந்தது. மருந்தின் புரதத்தை யாரும் தொடவே இல்லை என்பதுதான் இதில் பயங்கரம்.

அதனால்தான் இந்தத் துறையில் ஜெனரிக், அதாவது அதே மருந்தின் நகல், என்ற சொல்லைப் பயன்படுத்த மாட்டார்கள். பேடண்ட் முடிந்த பிறகு இன்னொரு கம்பெனி செய்தால் அது பயோசிமிலர்: ஒத்தது, ஆனால் அதேதான் என்று சொல்வதற்கில்லை. பக்கத்து வீட்டு உறை மோர் கிடைக்காதே. புதிதாகச் செல் பிடித்து, சொந்தச் செய்முறை வகுத்து, இரண்டும் மருத்துவ ரீதியில் வேறுபடவில்லை என்று காட்ட வேண்டும். ஐரோப்பா 2006-லும், அமெரிக்கா 2015-லும் முதல் பயோசிமிலருக்கு அனுமதி கொடுத்தன. இந்தியாவில் 2007-லேயே டாக்டர் ரெட்டீஸ் கம்பெனி ரிடுக்சிமாப் என்ற ஆன்டிபாடி மருந்துக்கு ஒத்த ரெடிடக்ஸைக் கொண்டுவந்துவிட்டது. இதற்கென்று தனி வழிகாட்டு நெறி 2012-ல்தான் வந்தது.

நம் ஊர்க் கதை ஒன்றும் உண்டு. குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907 முதல் இயங்குவது. கிண்டியில் பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வகம் இருக்கிறது. 2008 ஜனவரியில் இந்த இரண்டுக்கும், இமாசலத்தின் கசௌலியில் உள்ள ஆய்வகத்துக்கும் சேர்த்து மத்திய அரசு தயாரிப்பு உரிமத்தை நிறுத்திவைத்தது. காரணம், ஜிஎம்பி தரம் இல்லை. மூன்றும் அரசு நிறுவனங்கள். நாட்டுக் குழந்தைகளுக்கான தடுப்பூசியில் பெரும்பங்கு செய்துகொண்டிருந்தவை. தட்டுப்பாடு வரும், தனியாருக்கு வழிவிடும் வேலை என்று கடும் எதிர்ப்பு எழுந்தது. 2010-ல் நிறுத்திவைப்பு நீக்கப்பட்டது. எது சரி என்று இன்றும் வாதிடலாம். என் கருத்தைக் கேட்டால், குறை இருந்ததும் உண்மை, திருத்த அவகாசம் கொடுத்தபடியே உற்பத்தியைத் தொடர வழி தேடியிருக்கலாம் என்பதும் உண்மை. தரமும் தட்டுப்பாடும் மோதும்போது எந்தப் பக்கம் சாய்வது என்பதற்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் விடை இல்லை.

இனி அந்தப் படிப்புக்கு வருவோம். அமெரிக்காவில் நார்த் கரோலைனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பிடெக் என்று ஒரு மையம் இருக்கிறது, நம் பி.டெக் அல்ல, உயிரி உற்பத்திப் பயிற்சி மையத்தின் சுருக்கப் பெயர். 2007-ல் திறந்தது. நிஜ ஆலை போலவே பயோரியாக்டரும் தூண்களும் கிளீன் ரூமும் வைத்து மாணவர்களை உள்ளே விடுகிறார்கள். அதைக் கட்டப் பெருமளவு பணம் வந்தது சிகரெட் கம்பெனிகள் அரசுகளுக்குக் கொடுத்த இழப்பீட்டுத் தொகையிலிருந்து. புகையிலைப் பணத்தில் மருந்துப் பள்ளி! அயர்லாந்தின் டப்ளினில் நிப்ர்ட் என்ற தேசிய நிறுவனமும் இதே பாணி. கலிஃபோர்னியாவின் கெக் பட்டப்படிப்பு நிறுவனம், தயாரிப்பையும் நிர்வாகத்தையும் சேர்த்துக் கற்பிக்கிறது. ஒழுங்குமுறைப் பக்கம் மட்டும் என்றால் ஃபிலடெல்ஃபியாவின் டெம்பிள் பல்கலைக்கழகம் 1968-லிருந்து நடத்துகிறது; வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள் அங்கே அதிகம்.

என்ன சொல்லிக்கொடுப்பார்கள் என்பதில் பெரிய ரகசியம் இல்லை. செல் வளர்ப்பு, சுத்திகரிப்பு, கிருமியின்றி நிரப்புதல், புள்ளியியல், வேலிடேஷன். அந்தப் பக்கம் எஃப்டிஏவின் விதிகள், பல நாடுகள் சேர்ந்து 1990-ல் தொடங்கிய ஐசிஹெச் அமைப்பின் தர வழிகாட்டிகள், அனுமதி விண்ணப்பம் எழுதுவது. இந்த விண்ணப்பம் ஐந்து பாகம் கொண்ட பெரிய ஆவணம். அதில் மூன்றாம் பாகம் முழுக்க "இதை எப்படிச் செய்கிறோம், எப்படித் தெரியும்" என்பதுதான். தொட்டி அருகே நிற்காத ஒருவரால் அந்தப் பாகத்தை எழுதவே முடியாது. விதி தெரியாதவர் தொட்டி அருகே நின்றும் பயனில்லை. "இன்ஜினியரிங்கா, வக்கீல் படிப்பா" என்ற கேள்விக்கு விடை அந்த மூன்றாம் பாகம்தான்.

கல்லூரி தேர்ந்தெடுக்க அவளுக்கு நான் சொன்ன யோசனை கொஞ்சம் கறாரானது. எவ்வளவு பெரிய தொட்டியில் மாணவர்கள் கை வைக்கிறார்கள் என்று கேள். மேசை மேல் வைக்கும் இரண்டு லிட்டர் குடுவையோடு முடிந்துவிட்டால், அது ஆய்வகப் படிப்பு. ஆறு மாத இன்டர்ன்ஷிப்பைக் கல்லூரி ஏற்பாடு செய்கிறதா, நீயே தேட வேண்டுமா என்று கேள். ஆலையில் ஆடிட்டைச் சந்தித்த யாராவது பாடம் எடுக்கிறார்களா என்று கேள். வேதிப் பொறியியல், பி.ஃபார்ம், மைக்ரோபயாலஜி என்று எங்கிருந்து வந்தாலும் ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் எழுதச் சலிப்பவர்களுக்கு இது ஒத்துவராது. தொட்டியோடு ஒரு மணி நேரம் என்றால் காகிதத்தோடு மூன்று மணி நேரம், அதை மறைக்க மாட்டேன்.

பணம் கட்டுவதற்கு முன் காசில்லாமல் ஒரு பரீட்சை வைத்துப் பார்க்கவும் வழி இருக்கிறது. எஃப்டிஏ தன் ஆடிட்டில் பெரிய குறை கண்டால் கம்பெனிக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பும். பதில் சொல்ல 15 வேலை நாள். அந்தக் கடிதங்களைத் தன் இணையதளத்திலேயே எல்லாரும் படிக்கப் போட்டுவிடுகிறது. ஐந்து கடிதம் படி, தூக்கம் வந்தால் வேறு படிப்பு தேடு என்றேன்.

நான்கு நாள் கழித்துப் பேசினாள். கட்டணம் பற்றியோ விசா பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை. "மாமா, ஒரு கம்பெனி கடிதத்துக்குப் பதில் எழுதியிருக்கு, அது போதாதுன்னு எஃப்டிஏ மறுபடி சொல்லியிருக்கு. அப்புறம் என்ன ஆச்சுன்னு எங்க பாக்கறது?" குறை தீர்ந்துவிட்டால் அதே தளத்தில் க்ளோஸ்-அவுட் கடிதம் என்று ஒன்று போடுவார்கள், தேடிப் பார் என்றேன். தேடிக்கொண்டிருக்கிறாள்.